சாரலில் ஓர் அம்மா

சாம்பியாவின் லிவிங்ஸ்டன் ஊருக்கு மிஷனரி ஊழியத்துக்காக நானும் என் கணவரும் வந்து நாலு வருஷமாகிறது. காலையில் சபை வேலை, மாலையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு. மக்காச்சோள மாவில் கிண்டும் 'ந்ஷீமா'தான் இங்கே தினசரிச் சாப்பாடு. அசல் நம்மூர்க் களியேதான், போங்கள்!

போன மார்ச்சில் பாளையங்கோட்டையில் என் அம்மா தவறிப்போனார். என்னால் போக முடியவில்லை. அன்றிரவே அக்கம்பக்கத்துப் பெண்கள் பாயோடு வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் யாரையும் தனியாக விடமாட்டார்களாம்! மூன்று இரவுகள் என்னோடு தரையில் படுத்தார்கள். ஆறுதல் சொல்ல வந்த ஊரில், ஆறுதல் எனக்குக் கிடைத்தது.

ஏப்ரலில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போனார். அவரை நான் 'அமாயி' என்றுதான் கூப்பிடுவேன். நியாஞ்சா மொழியில் அம்மா என்று அர்த்தம். 1855-ல் டேவிட் லிவிங்ஸ்டன் இதைப் பார்த்து, தம் ராணியின் பெயரை வைத்தார். இவர்களுக்கோ இது 'மோசி-ஓவா-துன்யா', இடியாய் முழங்கும் புகை. 108 மீட்டர் உயரம், 1,700 மீட்டருக்கு மேல் அகலம். சாரலில் தொப்பலாக நனைந்துவிட்டோம்.

"வாய்விட்டு அழும்மா. இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது" என்றார் அமாயி.

அழுதேன். வீடு திரும்பியதும், ஒரு மாதத்துக்குப் பிறகு, நன்றாகப் பசித்தது.