மிச்சக் காசு

எனமல் பெயின்ற்றும் காயப்போட்ட சூடைக் கருவாடும் ஒன்றாக மணக்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான், மன்னார்த் தீவின் பேசாலைக் கரை. அப்பாவின் வள்ளம் அங்கே கவிழ்த்துக் கிடக்கும். எருக்கலம்பிட்டியிலிருந்து சைக்கிளில் ஒரு நானா வருவார். ஹாண்டிலின் இரண்டு பக்கமும் பெயின்ற் ரின்கள் தொங்கும். பெயின்ற் நானா என்றுதான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வள்ளத்துக்குப் பெயர் எழுதும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வார். "வெற்றி மாதா" என்று கடைசி எழுத்தையும் எழுதிவிட்டுத்தான் விடுவார். முஸ்லிம் மனிசர் மாதாவின் பெயரை எழுதுகிறாரே என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

நான் பக்கத்திலேயே குந்தியிருப்பேன். ஒருநாள் பிரஸ்ஸை என் கையில் தந்தார். "புள்ள, விரலால எழுதாத. தோளால எழுது. அப்பதான் கோடு நடுங்காது." எனக்கு அப்போது பதினொரு வயது. 1990 வைகாசி மாதம். கூலியில் பாதியைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அடுத்த மாதம் தருகிறேன் என்றார் அப்பா.

அடுத்த மாதம் சண்டை தொடங்கிவிட்டது.

ஆவணியில் ஒரு இரவு அம்மா என்னை எழுப்பினா, உடுப்புப் பை ஏற்கெனவே கட்டியிருந்தது, நாய் குரைக்காமல் இருக்க அதன் வாயை அண்ணன் பொத்திக்கொண்டிருந்தான், கரைக்கு ஓடினோம், இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஏறினோம், இருபத்து மூன்று பேர், யாரோ ஒரு பிள்ளை அழ யாரோ அதட்ட, தூரத்தில் நேவியின் வெளிச்சம் திரும்பியதும் சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார்.

அந்த நிசப்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டும் சத்தம், மண்ணெண்ணெய் மணம், என் கன்னத்தோடு ஒட்டிக்கிடந்த பலகையில் இன்னும் போகாத பெயின்ற் மணம். பக்கத்தில் இருந்த ஆச்சி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தா. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவவின் முகத்தை எத்தனையோ தரம் வரைந்துவிட்டேன். உதடு மட்டும் சரியாக வருவதேயில்லை.

விடியப்புறம் எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டு, கரையில் நிற்கிறவர்களை ஏற்றி வருகிறேன் என்று சித்தப்பா வள்ளத்தைத் திருப்பினார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் இப்படிப் பல திட்டுகள் இருக்கின்றன. மரம் இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, ஆலாப் பறவைகளும் எலும்பை உருக்குகிற வெயிலும்தான். பின்னேரம் இராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் வந்து எங்களை ஏற்றினார்கள். ஒரு கிழவர் தன் பழைய சோற்றை எங்களுக்குப் பிசைந்து தந்தார்.

சித்தப்பாவும் வள்ளமும் பிறகு வரவேயில்லை.

மண்டபம் முகாம், இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன கூலித் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதிக்க வெள்ளைக்காரன் கட்டியது. தேயிலை பறிக்கப் போனவர்கள் படுத்த இடத்தில், அந்த நாட்டிலிருந்து ஓடிவந்த நாங்கள் படுத்தோம். அடுப்புக் கரியால் அதன் சுவரில்தான் முதல் படத்தைக் கீறினேன். ஒரு வள்ளம்.

ஐப்பசி மாதம் அங்கேதான் அந்தச் செய்தியும் வந்தது. ஒக்ரோபர் கடைசியில் புலிகள் இயக்கம் மன்னார்த் தீவின் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொல்லிவிட்டது. எருக்கலம்பிட்டியில் நகை, காசு எல்லாவற்றையும் பறித்துக்கொண்டு கடற்கரைக்கு அனுப்பினார்களாம். வள்ளங்களில் கற்பிட்டிக்கும் அங்கிருந்து புத்தளத்துக்கும் போனார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். நாங்கள் ஆமிக்குப் பயந்து ஓடினோம். அவர்களைத் துரத்தியது எங்கள் மொழி பேசிய துவக்கு. முகாமில் "அவங்களும் போயிட்டாங்களாம்" என்றார்கள். பிறகு அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். அப்பா மட்டும் அன்று சாப்பிடவில்லை. "அந்த மனிசனுக்கு மிச்சக் காசு குடுக்கேல்லயே" என்று ஒரே ஒரு தரம் சொன்னார்.

பாரிசுக்கு எப்படிப் போனேன் என்பது வேறு கதை, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பகலில் ரெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவினேன், இரவில் ஓவிய வகுப்பு. ஒருநாள் ஆசிரியை என் முழங்கையைப் பிடித்து, விரலை விடு, தோளிலிருந்து கோட்டை இழு என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று பிரெஞ்சில் விளக்கத் தெரியவில்லை.

பதினைந்து வருடம் வள்ளங்களாகவே வரைந்தேன். பச்சை வள்ளம், அதில் வெள்ளை எழுத்து. கண்காட்சிகளில் சில விற்றன. ஆனால் எஞ்சின் நின்ற அந்த நிசப்தம் கன்வசில் ஏறவில்லை. அதற்காகத்தான் கமராவைத் தூக்கினேன். தனுஷ்கோடி முனையில் ஒரு கமரா, தலைமன்னார்ப் பழைய பாலத்தில் ஒரு கமரா, இடையில் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர் கடல். இரண்டு திரைகளை எதிரெதிரே வைத்து, நடுவில் சனம் நிற்கிற மாதிரிச் செய்தேன். நாற்பது நிமிடம் வெறும் கடல்தான். ஒரு பிரெஞ்சுப் பெண்மணி வந்து, படகு எப்போது வரும் என்று கேட்டா. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'த இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு புத்தகம் செய்தார். போரில் இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறச் சொல்லித் தொகுத்தது. தோம்பு என்றால் பறங்கியர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அரசாங்கம் எழுதவேண்டிய பதிவேட்டைச் சனமே எழுதிய மாதிரி. போர் பற்றி நான் பார்த்த கலைகளில் இவ்வளவு அடக்கமாக அறைந்த வேறொன்று இல்லை. அதைப் பார்த்த இரவு நானும் ஒரு தாளில் எங்கள் வளவைக் கீறினேன். கிணறு, பனை, கருவாடு காயும் பந்தல். கீறி முடித்துப் பார்த்தால் வள்ளத்தை வீட்டுக்குள்ளே கீறியிருக்கிறேன். படுக்கிற அறையில்.

2022இல் தலைமன்னார் ரெயிலில் போனேன். 1990இல் நின்ற ரெயில் 2015இல்தான் திரும்ப ஓடத் தொடங்கியது. தீவில் கழுதைகள் முன்புபோலவே ரோட்டுக்குக் குறுக்கே நின்றன. தெற்குக் கரையில் முப்பது காற்றாலைகள் சுழன்றன. அந்த இரைச்சலையும் பதிவு செய்தேன். எருக்கலம்பிட்டியில் பெயின்ற் நானாவைப் பற்றி விசாரித்தபோது, திரும்பி வந்த சிலர் சொன்னார்கள்: அவர் மவுத்தாகவில்லை, மகனோடு புத்தளத்தில்தான் இருக்கிறார்.

மகன் ஓட்டோக்களின் பின்பக்கத்துக்கு எழுத்து எழுதுகிறார். நானா வாசலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். கண் மங்கிவிட்டது. பேசாலை என்றதும் நிமிர்ந்தார். அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"வெற்றி மாதா" என்றார்.

என் போனில் ஓவியங்களைக் காட்டினேன். போனைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன புள்ள, பச்சையா அடிச்சிருக்க?" என்றார். "பச்ச பெயின்ற் அந்த நேரம் மன்னார்க் கடையில இல்ல. ஒங்கட வாப்பாவோட கதைச்சு நீலம்தான் அடிச்சன்."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. பதினைந்து வருடத்துப் பச்சை.

தேத்தண்ணி வந்தது. மிச்சக் காசு பற்றிக் கேட்டேன். மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். "நூத்தம்பது" என்றார் உடனே. ஐயாயிரத்தை நீட்டினேன். தலையாட்டினார். மகன் சங்கடப்பட்டு, "வாப்பா, விடுங்க" என்றார். நானா விடவில்லை. கைப்பையைக் கிளறி ஒரு நூறு ரூபாய்த் தாளும் ஒரு ஐம்பது ரூபாய்த் தாளும் எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். மடித்து, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.