கோல நோட்டும் கணிப்பொறியும்

நம் அன்னையார் கல்கத்தாவுக்குக் குடிவந்தபோது பெட்டியில் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்று கோல நோட்டு. மார்கழி பிறந்தால் லேக் மார்க்கெட் பகுதித் தமிழ் இல்லங்களில் அந்நோட்டு வீடு வீடாக இரவல் போகும். திரும்பி வருகையில் எவரோ புதிதாக ஒரு கோலத்தைப் பின்பக்கத்தில் வரைந்திருப்பார். பழைய கோலமொன்றில் புள்ளி பிசகியிருந்தால் திருத்தியும் இருப்பார். இரவல் கொடுத்ததால் அது இளைத்ததில்லை. ஆண்டுதோறும் தடித்தே வந்தது.

தந்தையாரும் ஓர் ஏடு விட்டுச் சென்றார். 1953ஆம் ஆண்டில் ஹௌராவில் வந்திறங்கியது முதல் தாம் கண்டவற்றையெல்லாம் முதுமையில் எழுதிவைத்தார். 2001ஆம் ஆண்டில் அவர் பக்கத்தில் அமர்ந்து படிக்க, நாம் கணிப்பொறியில் தட்டச்சு செய்தோம். கடைக்காரர் ஒருவர் மென்பொருளையும் தமிழ் எழுத்துருவையும் எங்கிருந்தோ பிரதி எடுத்து ஏற்றிக்கொடுத்தார். அதற்குரிய விலையை நாம் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. அந்தப் பிழை நம்முடையதே.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல சென்றபின், வெளியூரில் படிக்கும் பேத்தி, "தாத்தா, கொள்ளுத்தாத்தா எழுதியதை எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டாள். ஆவலுடன் கோப்பைத் திறந்தோம். திரை முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்! ‘தமிழ்’ என்னும் சொல்லே ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நின்றது. பழைய கணிப்பொறி போய்விட்டது. எழுத்துருவும் அதனுடன் போயிற்று. கையெழுத்துப் படியையோ முன்பே கறையான் தின்றுவிட்டது. நம் கையாலேயே தந்தையாரை ஊமையாக்கிவிட்டோமோ என்று அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை.

மறுநாள் அடுத்த வீட்டு வங்காளி இளைஞரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "காக்கு, எழுத்து அழியவில்லை, சட்டைதான் மாறியிருக்கிறது. நாங்கள் வங்காளத்தை ‘அப்ரோ’வில் எழுதுகிறோம். தமிழில் உங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டார். அப்ரோ என்பது வங்காளதேசத்தின் மெஹ்தி ஹசன் கான் என்னும் மருத்துவ மாணவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்டு, எவரும் விலையின்றிப் பயன்படுத்த அளித்த தட்டச்சுக் கருவி. இந்நகரத்து வங்காளிகளும் அதை விரும்பிக் கையாள்கின்றனர். அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. தமிழைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசும் நமக்கு அது வெட்கத்தையே தந்தது.

இருவரும் தேடலானோம். நடந்தது இதுதான்: யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனினும் அது பரவும் வரையில், பிற எழுத்துக்களின் இருக்கையில் தமிழ் எழுத்துக்களை அமர்த்தி ஆளுக்கொரு முறையில் எழுதிவந்தனர். பாமினி, டாப், டாம், திஸ்கி எனப் பல முறைகள் இருந்தன. நம்முடையது பாமினி. அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஆங்கிலமே தெரியும். ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறமூல நிரல்தொகுப்பில் இப்பழைய முறைகளை யூனிகோடாக மாற்றும் பகுதி உண்டு. லிப்ரெஆபிஸில் கோப்பைத் திறந்து, இளைஞர் அந்நிரலை ஓட்டினார். திரையில் தந்தையாரின் முதல் வாக்கியம் எழுந்தது. நாம் சிறிதுநேரம் பேசவில்லை.

ஓர் அத்தியாயத்தின் கோப்பு மட்டும் பழுதாகியிருந்தது. அதன் அச்சுப்படி காகிதத்தில் இருந்தது. அதைப் படமெடுத்து ‘டெசராக்ட்’ என்னும் மென்பொருளிடம் கொடுத்தோம். 1980களில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் தோன்றி, 2005இல் அனைவர்க்கும் திறந்துவிடப்பட்ட எழுத்துணரி அது, தமிழும் படிக்கும். ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பியது உண்மை. அவற்றைத் திருத்த மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின.

இவற்றுக்கெல்லாம் காசு கேட்பார் இல்லையே, இது எப்படி நடக்கிறது என்று அன்பர்கள் வியக்கலாம். நம் அன்னையாரின் கோல நோட்டை நினைத்துக்கொண்டால் போதும். செய்முறையை மறைக்காது திறந்துவைப்பது திறமூல மென்பொருள். எவரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துக் கற்கலாம், திருத்தலாம், பிறர்க்குப் பிரதி கொடுக்கலாம். இக்கொள்கையுடன் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தந்தார். விலையின்றிக் கிடைப்பன யாவும் இவ்வகையைச் சேர்ந்தன அல்ல. செய்முறையை மூடிவைத்துக்கொண்டு இலவசமாகத் தருவோரும் உண்டு. அவர்கள் கடையை மூடினால் நம் கோப்புகளின் கதி முன்பு பட்டதே.

தமிழரும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. முகுந்தராஜ் முதலிய ‘தமிழா’ குழுவினரின் ‘எ-கலப்பை’, தமிழ் தட்டச்சுக்கென்றே உள்ளது. 2012இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது, நூல்களும் வெளியிட்டிருக்கிறது. இத்தனையும் இருந்தும் நாம் அறியாதிருந்தோம். பந்தி விரித்திருக்கையில் வாசலில் பசியோடு நின்றவரை ஒத்தது நம் நிலை.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் இவ்விதழில் ஒரு பக்கத்தில், ஒரு மென்பொருளை நாம் அறிமுகம் செய்ய விழைகிறோம். கடிதமும் கணக்கும் எழுத லிப்ரெஆபிஸ், படம் பார்க்க விஎல்சி, புகைப்படம் திருத்த கிம்ப் என ஒவ்வொன்றாக வரும். குறைகளையும் மறையாது சொல்வோம்: பிறர் அனுப்பும் கோப்பின் வரிகள் சில வேளை இடம்மாறும், அலுவலகம் கேட்கும் தனி மென்பொருளுக்கு மாற்று இல்லாமலும் போகலாம். எதனையும் அதனைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்க. இடைத்தரகர் தளங்கள் வேண்டா.

தங்கள் இல்லத்திலும் பழைய எழுத்துருவில் ஊமையாய்க் கிடக்கும் கோப்புகள் இருக்கலாம். இன்றே திறந்து பாருங்கள். படிக்க இயலாவிடில் அழித்துவிடாதீர். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த வீட்டு இளைஞரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தந்தையாரின் ஏடு இப்போது பேத்தியிடம் சேர்ந்துவிட்டது. அதில் சில ஊர்ப்பெயர்கள் பிழையாக உள்ளனவாம். திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கோல நோட்டு மீண்டும் தடிக்கத் தொடங்கிவிட்டது.