குதிரையின் முகவாய்க்கு அடியில்

நியூ ஜெர்சி மாநிலத்தின் எலிசபெத் நகரிலிருந்து அரை மணிப் பயணத்தில் இருக்கிறது அந்த அறை. வடக்குப் பார்த்த ஜன்னல், அதை ஒட்டி ஒரு மேசை, மேசைமேல் பச்சைத் துணி. பழைய அமெரிக்கச் செப்புக்காசுகள் மெய்யா போலியா என்று சோதித்துச் சொல்லும் பெரியவர் ஒருவரும், அவருக்காகக் காசுகளைப் படமெடுக்கும் இளம்பெண்ணும் அங்கே வேலை செய்கிறார்கள். ஒருநாள் முழுக்க உடனிருந்து பார்க்க அனுமதித்தார்கள்.

அன்று மேசையில் இருந்தது 1787ஆம் ஆண்டுக் காசு. நாடு விடுதலை பெற்ற பிறகு அடிக்கப்பட்டது என்றாலும் சேகரிப்போர் இதையும் காலனிக் காசு என்றே சொல்கிறார்கள். ஒரு பக்கம் குதிரைத் தலை, கீழே ஏர்க்கலப்பை, சுற்றிலும் 'நோவா சீசேரியா' என்று நியூ ஜெர்சியின் லத்தீன் பெயர். மறுபக்கம் கேடயம். குதிரையின் முகம் ஒட்டகத்தின் சாடையில் இருந்தது. பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1881இல் வகுத்த பட்டியலில் இதற்கு 56-என் என்று எண். சேகரிப்போர் வழக்கில் 'ஒட்டகத் தலை'.

வந்த சந்தேகம் வேறு. குதிரையின் முகவாய்க்கு அடியில், அந்தக் காசில் இருக்கவே கூடாத மூன்று எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. அதைப் பார்த்துத்தான் யாரோ போலி என்று சொல்லிவிட்டார்களாம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது என்று சொல்லி, உரியவர் இங்கே கொண்டுவந்திருந்தார்.

பெரியவர் எழுத்துகளை முதலில் பார்க்கவில்லை. விளிம்பைத்தான் விளக்கொளியில் மெதுவாகச் சுற்றினார். அச்சுவார்ப்பில் செய்த போலியில் இரு பாதிகள் சேர்ந்த கோடு விளிம்பில் ஓடும்; முகப்பில் ஊசிக்குத்து போன்ற குழிகள் இருக்கும். மின்முலாம் முறையில் செய்த நகலோ, இரண்டு மெல்லிய செப்பு ஓடுகளுக்குள் ஈயம் நிரப்பியது. இங்கே கோடும் இல்லை, குழியும் இல்லை.

அடுத்து தராசு. 8.74 கிராம். 1786ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது 150 கிரெயின், அதாவது 9.72 கிராம். குறைகிறதே என்றேன். "தேய்மானம் இருக்கும். வேறு காரணமும் இருக்கலாம், பொறுங்கள்" என்றார். காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தார். 0.99 கிராம் குறைந்தது. வகுத்தால் 8.8, செம்பின் அடர்த்திக்கு ஒட்டியே வருகிறது. உள்ளே ஈயம் இருந்திருந்தால் எண் மேலே போயிருக்கும்.

பிறகுதான் நுண்ணோக்கி. என்னையும் பார்க்கச் சொன்னார். என், ஈ, சி. குதிரையின் முகக்கோடு அவற்றை நசுக்கிக்கொண்டு மேலே ஏறியிருந்தது. எழுத்துகள் அடியில், குதிரை மேலே. பின்னாளில் யாராவது கீறியிருந்தால் கீறல் குதிரையின் மேல் ஓடியிருக்கும்.

அந்தப் பெண் கணினித் திரையில் வேறொரு காசின் படத்தை எடுத்து, நம் காசின் மேல் மெல்லத் திருப்பித் திருப்பிப் பொருத்தினார். ஓரிடத்தில் எழுத்துகள் அச்சாகப் பொருந்தின. 'ஆக்டோரி கனெக்'. கனெக்டிகட் மாநிலத்தின் காசு!

எலிசபெத் நகருக்கு அப்போது எலிசபெத்டவுன் என்று பெயர். அங்கே மத்தியாஸ் ஆக்டன் என்பவர் காசு அடித்தார். புதிய செப்புவில்லை தயாரிக்கச் செலவாகும். சந்தையில் மலிந்து மதிப்பிறங்கிய கனெக்டிகட் காசை வாங்கி, அதன்மேலேயே குதிரையை அடித்தால், ஒரு ஷில்லிங்குக்குப் பதினைந்து என்று நல்ல மதிப்பில் போகும். இந்த வகைக் காசுகளில் மிகப் பல இப்படி மறு அடிப்பாக வந்தவை. கனெக்டிகட் காசின் சட்ட எடையே 144 கிரெயின்தான். தராசு காட்டிய குறையில் ஒரு பகுதிக்கு அங்கேயே விடை இருந்தது.

"குறை இருப்பது குற்றமில்லை. ஒவ்வொரு குறைக்கும் காரணம் கிடைக்கிறதா என்பதுதான் என் வேலை" என்றார் பெரியவர். கையால் இயக்கிய திருகு அச்சின் அடியில், வேகவேகமாகப் பழைய காசுகளை வைத்தெடுத்த கைகளை நினைத்துக்கொண்டேன். ஒரு காசு கோணலாக விழுந்திருக்கும், அடுத்தது தலைகீழாக. ஆகவே இரண்டு மறு அடிப்புகளில் அடியெழுத்து ஒரே இடத்தில், ஒரே சாய்வில் விழ வாய்ப்பே இல்லை எனலாம். அப்படி இரட்டையாக வந்தால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்: ஏதோ ஒன்றைப் பார்த்து வார்த்தது, அல்லது அதிலிருந்து அச்செடுத்து அடித்தது.

சான்றுத்தாளில் 'மெய்யானது' என்று எழுதி முடித்த பிறகும் காசை உறையில் இடவில்லை. அந்தப் பெண் இரு பக்கங்களையும் விளிம்பையும் படமெடுத்தார். மூன்று எழுத்துகளைத் தனியாக, பெரிதாக எடுத்தார். வேலைதான் முடிந்துவிட்டதே என்றேன்.

"இந்தக் காசுக்கு முடிந்தது. நாளைக்கு இதேபோல் இன்னொன்று வந்தால், அதைப் பார்க்கிறவருக்கு இந்தப் படம் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, படத்தின் கீழே தேதியை எழுதிக்கொண்டார்.