முந்திரிகைப் பந்தல்களினூடே துவிச்சக்கரவண்டி வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மானிப்பாயிலிருந்து சுதுமலை, இணுவில், உரும்பிராய் நோக்கிச் செல்லும் பிரதான வீதிகளை விட்டு விலகினால், வேலிகளுக்கும் தோட்டங்களுக்கும் இடையே நெளிந்து செல்லும் சிறு பாதைகளான ஒழுங்கைகள், கார் எளிதில் நுழைய இயலாத ஒடுக்கத்தினாலேயே, துவிச்சக்கரவண்டிக்கு உரியனவாக எஞ்சியுள்ளன.

இவ்வூர்கள் அடங்கிய வலிகாமப் பகுதியின் செம்மண்ணில், கிணற்று நீரை நம்பி, முந்திரிகை எனப்படும் திராட்சை தலைக்கு மேலான பந்தல்களில் படர்கிறது. குளிர்காலம் இல்லாத இந்நிலத்தில் கொடி தானாக உறங்குவதில்லை என்பதால், கிளைகளைக் கத்தரித்தே அதனைக் காய்க்கச் செய்கின்றனர்.

இதே வலிகாமத்தின் தோலகட்டியில் 1928இல் தோன்றிய செபமாலைத் துறவியரின் ஆச்சிரமம் முந்திரிகை இரசத்துக்கும் பெயர் பெற்றது.

ஐரோப்பியத் திராட்சை நாடுகளின் குன்றுச் சரிவுகள் இங்கில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்தை எதிர்த்து மிதிப்பதே இச்சமவெளியின் ஏற்றம்.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதானபோது, நோயாளரையும் விறகையும் விளைபொருளையும் சுமந்து குடாநாட்டை இயக்கியது துவிச்சக்கரவண்டியே. அந்த அனுபவம் துயரத்தில் பிறந்தது, எனினும் அது விட்டுச்சென்ற வழியறிவு மிகப் பெறுமதியானது.

இன்று கிரவல், அதாவது சரளை பரவிய ஒழுங்கைகள் ஒவ்வொன்றாகக் கொங்கிரீட்டும் தாரும் பெறுகின்றன. மழைக்காலச் சேற்றில் அல்லலுற்றோருக்கு அது நியாயமான தேவையே.

ஆயினும், தோட்டங்களை இணைக்கும் சில ஒழுங்கைகளையேனும் மோட்டார் வாகனம் புகாத வழிகளாக அறிவித்துப் பேணப் பிரதேச சபைகள் முன்வருமா?