காசு கொடுத்து வாங்கிய பதக்கம்

பெர்லினில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அருங்காட்சியகம் பார்க்கக் கிளம்பியவள், டியர்கார்டன் ரயில் நிலையத்தில் இறங்கியதும் சாலையோரச் சந்தையிலேயே நின்றுவிட்டேன். '17 ஜூன் சாலை'யில் வார இறுதியில் கூடும் பழைய பொருள் சந்தை அது. பீங்கான் தட்டுகள், கதவுக் கைப்பிடிகள், யார் வீட்டுக் கல்யாணப் படமோ ஒன்று... ஈப்போவின் ஞாயிறு சந்தைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது.

ஒரு மேசையில் மங்கிப்போன வெண்கலப் பதக்கம் கிடந்தது. அதன் ரிப்பனில் சிறு தகடு. அதில் 'ஈப்பர்' என்ற பெயர். முதல் உலகப் போரில் பெரும் சண்டைகள் நடந்த பெல்ஜிய ஊர் அது. விலை 20 யூரோ. நம் காசுக்கு ஏறக்குறைய 100 வெள்ளி.

"அரசாங்கம் கொடுத்ததா?" என்று கேட்டேன்.

கடைக்காரப் பெரியவர் தலையாட்டினார். "இல்லை. குத்திக்கொண்டவரே காசு கொடுத்து வாங்கியது."

போலிப் பதக்கமோ என்றுதான் முதலில் நினைத்தேன். கதை அப்படியில்லை. 1918-இல் ஜெர்மனி போரில் தோற்றது, மன்னராட்சியும் கவிழ்ந்தது. 1919-இல் வந்த குடியரசின் அரசமைப்புச் சட்டம், அரசு இனி விருதும் பதக்கமும் வழங்கக் கூடாது என்றது. ஏறக்குறைய 2 மில்லியன் ஜெர்மன் வீரர்களைப் பலிகொண்ட போர் அது. உயிரோடு திரும்பியவர்களுக்கு, 'நீயும் அங்கே இருந்தாய்' என்று சொல்லும் பொதுவான பதக்கம் எதுவும் இல்லை.

அந்த இடத்தை முன்னாள் வீரர் சங்கங்கள் பிடித்துக்கொண்டன. கிஃப்ஹாய்ஸர் சங்கம் போன்றவை சொந்தமாகப் பதக்கம் வெளியிட்டன. போரில் பணியாற்றியவர் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் பதக்கம் வரும். கூடவே ஒரு சான்றிதழும் வரும்.

சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு. வானொலியில் வாழ்த்து நேரம் நடத்துபவள் நான். தன் பெயரை ஒருமுறை காற்றில் கேட்பதற்காக அரை மணி நேரம் லைனில் காத்திருக்கும் நேயர்களைத் தெரியும். யாராவது நம்மை நினைக்க வேண்டும் என்ற ஆசை சின்னதில்லை.

அந்த ஆசையைப் புரிந்துகொண்டவர்கள் நல்லவர்களாகவும் இருக்க வேண்டும் என்பதில்லையே. 1934-இல் ஹிட்லர் பிரதமராக இருந்தபோது, அதிபர் ஹிண்டன்பர்க் அதிகாரபூர்வப் போர்ச் சிலுவையை அறிவித்தார். போர்முனையில் நின்றவர்களுக்கு வாள் பொறித்தது. மற்ற வீரர்களுக்கு வாள் இல்லாதது. கணவரை இழந்த பெண்களுக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் கறுப்புச் சிலுவை. மில்லியன் கணக்கில் வழங்கினார்கள். சங்கப் பதக்கங்களை அணியத் தடையும் வந்தது. நன்றி சொல்லும் உரிமைகூட அரசின் கைக்குப் போனது. அடுத்த ஐந்தே ஆண்டில் மறுபடியும் போர். இம்முறை அந்த வீரர்களின் பிள்ளைகள் போனார்கள்.

பிள்ளைகளின் பதக்கங்களும் அதே மேசையில்தான் இருந்தன. அவற்றின் ஸ்வஸ்திகா மேல் காகிதம் ஒட்டியிருந்தார் பெரியவர். நாஜிச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றம்.

வெண்கலப் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஊரின் பெயர் இருந்தது. வாங்கியவரின் பெயர் எங்கும் இல்லை. சான்றிதழில் இருந்திருக்கும். "அது எங்கே?" என்றேன். பெரியவர் கையை விரித்தார்.

பதக்கத்தை வாங்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு, வாழ்த்து நேரத்தில் பெயர்களை அவசர அவசரமாக வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.