அரங்கன் தெருவில் ஓர் இரவு

தலயாத்திரை சென்று வருவோர் தரிசனத்தைப் பற்றி நிறையப் பேசுவர். தங்கிய இடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆயினும் இறைவனை எந்த வேளையில், எத்தகைய மனநிலையில் சேவிக்கிறோம் என்பதைத் தங்கும் இடமே பல சமயங்களில் தீர்மானித்துவிடுகிறது. திருவெறும்பூரைச் சேர்ந்த முதிய தம்பதியர் இருவர் இதனை உணர்ந்துகொண்டது, கடல் கடந்த ஓர் ஊரில்.

பெரியவர் பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் ஷிப்ட் முறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டு மாடியில் நின்றால் எறும்பீசர் குடிகொண்ட குன்று கண்ணுக்குத் தெரியும். தாரகாசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவெடுத்து வழிபட வந்தபோது, அவை வழுக்காமல் ஏறும்படி சிவபெருமான் தம் திருமேனியைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு சற்றே சாய்ந்தும் கொடுத்தார் என்பது தலவரலாறு. அப்பர் பெருமான் பாடிய தலம் அது. அந்த வீட்டிலிருந்து திருவரங்கத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுதான்.

இங்கிலாந்தில் பணிபுரியும் மகன் ஒரு கோடையில் பெற்றோரை அழைத்துச் சென்று, பாத் என்னும் பழம்பெரும் நகரில் மூன்று இரவுகள் தங்க வைத்தான். ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 18ஆம் நூற்றாண்டில் எழுந்த வீடுகள் தெருத்தெருவாக அங்கே நிற்கின்றன. எல்லாம் தேன் நிறக் கல்லால் கட்டப்பட்டவை. 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட ராயல் கிரெசன்ட் என்னும் வரிசையில் 30 வீடுகள் பிறை வடிவில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. அத்தகைய பழைய வீடுகள் பலவும் இன்று சிறு விடுதிகளாகியிருக்கின்றன. தம்பதியர் தங்கியதும் அப்படியொரு வீட்டில்தான். எட்டே அறைகள். மின்தூக்கி கிடையாது, குறுகலான மரப்படிகள். அம்மையாரின் முழங்கால் வலியைக் கண்ட விடுதிக்காரப் பெண்மணி, தாமே கீழ்த்தளத்து அறையை ஒழித்துக் கொடுத்தார். காலையில் இறைச்சி படாத தனிப் பாத்திரத்தில் பாலைக் காய்ச்சினார். அம்மையார் கொண்டுசென்ற பருப்புப் பொடிக்குச் சிறிது சோறும் வடித்துத் தந்தார்.

"நம்மூரில் திண்ணையில் உட்கார வைத்து மோர் கொடுப்பார்களே, அதே மனசுங்க இது" என்றார் அம்மையார்.

அந்நகரின் உயிர் ஒரு வெந்நீர் ஊற்று. ஏறத்தாழ 46 டிகிரி வெப்பத்துடன் நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் அங்கே நீர் பொங்குகிறது. அந்நாட்டின் பழங்குடியினர் அந்த ஊற்றை சூலிஸ் என்னும் பெண் தெய்வமாகப் போற்றினர். பின்னர் வந்த ரோமானியர் அத்தெய்வத்தைத் தம் மினர்வாவோடு இணைத்துக் கோயிலும் நீராடு குளமும் அமைத்தனர். ஊற்றில் அடியார்கள் இட்ட காணிக்கை நாணயங்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்துள்ளன. பொருளைப் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி ஈயத்தகட்டில் எழுதி இட்ட முறையீடுகளும் நூற்றுக்கு மேல் உண்டு. 1727ஆம் ஆண்டு கழிவுநீர்க் கால்வாய்க்காக மண்ணைத் தோண்டியபோது தேவியின் தலை மட்டும் வெளிப்பட்டது. பொன் முலாம் பூசிய வெண்கலத் திருமுகம். அது இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அம்மையார் அந்தத் திருமுகத்தின் முன் கைகூப்பி நின்றார். பிறகு, "இந்த அம்மனுக்கு இப்போது பூசை செய்வது யார் என்று கேள்" என்று மகனிடம் கூறினார். மகன் கேட்டான். ஊழியர் மரியாதையுடனே விடையளித்தார்: ரோமானியர் ஆட்சி நீங்கி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகின்றன, அவ்வழிபாடு மறைந்துவிட்டது, அருகிலுள்ள மாதா கோயிலில் கிறித்தவ வழிபாடு நடைபெறுகிறது.

அன்றிரவு அம்மையாருக்கு உறக்கம் வரவில்லை. "தண்ணீர் நிற்காமல் பொங்குது. படிக்கட்டுகூட இருக்கு. அந்தத் தாயை எழுப்பத்தான் ஆள் இல்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, "நம் அரங்கனை நாள் தவறாமல் எழுப்புறாங்க. ஐம்பது வருஷமாய்ப் பக்கத்தில் இருந்தும் அதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லையே" என்றார்.

பெரியவரிடம் பதில் இல்லை. காலை ஷிப்டுக்கு அவரை நான்கு மணிக்கு எழுப்பியவர் அந்த அம்மையார்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பியதும், படுக்கையில் கிடந்த மாமியாரைப் பல ஆண்டுகள் எழுப்பி மருந்து கொடுத்ததும் அவரே. வீட்டிலுள்ள அனைவரையும் எழுப்பியவருக்கு, பெருமாள் துயில் எழும் விசுவரூப சேவையைக் காண ஒரு விடியற்காலைகூட வாய்க்கவில்லை. திருவரங்கம் சென்றதெல்லாம் வேலை முடிந்த மாலை வேளைகளில்தான்.

ஊர் திரும்பியபின் ஐப்பசி பிறந்தது. துலா மாதமாகிய அம்மாதம் முழுவதும் அம்மா மண்டபத்துக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சன நீர் யானைமேல் வருகிறது. மற்ற மாதங்களில் கொள்ளிடத்து நீர். விடியலில் கார் வைத்துக்கொண்டு போய்விடலாம், அரை மணி வழிக்கு அறை எதற்கு என்றார் பெரியவர். அம்மையார் இணங்கவில்லை. "யாருமே தெரியாத ஊரில் மூணு ராத்திரி தங்கினோம். இங்கே தாயாரும் பெருமாளும் இருக்காங்க. அவங்க தெருவில் ஒரு ராத்திரி தங்கக் கூடாதா?"

பெரியவரின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. க்ஷேத்திரத்தில் தங்குவது விலைக்கு வாங்கும் பொருளன்று என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்துக்குப் பழைய ஆதாரம் உண்டு. பாத் நகரில் அந்த வீடுகள் எழும்பிய சில பத்தாண்டுகளுக்குள், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி தம் நாட்டுச் சத்திரங்களைக் குறித்து ஆங்கிலேய அதிகாரிக்கு 1801ஆம் ஆண்டு கடிதம் எழுதினார். யாத்திரிகர் எவராயினும் சாதி வேறுபாடின்றி அங்கே உணவு பெற்றனர். நோயுற்றோருக்கு மருத்துவமும், கருவுற்ற பெண்களுக்குப் பராமரிப்பும் கிடைத்தன. நள்ளிரவு வரை அன்னமிட்டபின் ஒரு மணி ஒலிக்கும். அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம். இச்செய்திகள் யாவும் அக்கடிதத்தில் உள்ளன.

ஆயினும் அந்த மணியின் பொருள் இலவசம் என்பது மட்டுமன்று. வந்தவரை நினைத்துக்கொள்ளும் ஒருவர் அங்கே விழித்திருந்தார் என்பதே. அதனைப் பெரியவர் நேரில் கண்டது திருவரங்கத்தில். தெற்குச் சித்திரை வீதியில் திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீடொன்றைச் சிறு விடுதியாக்கியிருந்தனர். திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் மக்கள் குடியிருக்கும் வீதிகளே. ஆதலால் அங்கே தங்குவது கோயிலுக்குள்ளேயே தங்குவதாகும். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி, "மூன்றரை மணிக்கு நான் எழுப்புறேன், வெந்நீர் தயாராக இருக்கும். நீங்க நிம்மதியாகத் தூங்குங்கம்மா" என்றார். தூங்கச் சொல்லி அந்த அம்மையாரிடம் எவரேனும் கூறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

சொன்னபடியே கதவு தட்டப்பட்டது. குளித்துவிட்டு வாசலில் நின்றபோது, இருளில் யானையின் மணியோசை கேட்டது. தெருவின் தென்புறம் வானில் ராஜகோபுரம் கரிய மலைபோல் நின்றது. நூற்றாண்டுகளாக நிறைவுறாது நின்ற அந்த மொட்டைக் கோபுரத்தை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்குக் கட்டி முடித்தார்; 1987இல் குடமுழுக்கு நடந்தது. பாத் நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். அங்கே பழையதைப் பழுதின்றிக் காத்தார்கள். இங்கே பழையதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

சன்னதியின் எதிரே யானையும் பசுவும் வந்து நின்றன. பெருமாள் கண் விழித்ததும் திருமகள் உறையும் பின்புறம் தெரியும்படி பசுவைத் திருப்பி நிறுத்தினர். திரை விலகியது. விளக்கொளியில் அரவணையின்மேல் அரங்கன் பள்ளிகொண்ட கோலம் சிறிது சிறிதாகத் துலங்கியது. அம்மையார் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. உறங்கும் குழந்தை கண் திறப்பதைப் பார்க்கும் தாயைப்போல் புன்னகை செய்தபடி நின்றார். பெரியவர் அரங்கனைச் சேவித்தார். பிறகு அந்தப் புன்னகையையும் சேவித்தார்.

வெளியே வந்தபின் அவர் சொன்னது இதுதான்: "நாளையிலிருந்து காலைக் காப்பி நான் போடுகிறேன். நீ எழுந்திருக்கும்போது எழுந்திரு."

கொள்ளிடக் கரைக்கருகே பஞ்சக்கரைச் சாலையில் அறநிலையத் துறையின் யாத்ரி நிவாஸ் இருக்கிறது. வீதிகளில் சிறு விடுதிகளும் உள்ளன. தொலைவிலிருந்து வருவோர் அவற்றை நன்கு அறிவர். அருகில் வாழ்வோரே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று எண்ணி ஆண்டுகளைக் கடத்திவிடுகிறோம். முழங்கால் இடம் தரும்போதே, வீட்டில் எல்லோரையும் எழுப்பி வந்த ஒருவரை ஓர் இரவு அங்கே அழைத்துச் சென்று உறங்க வைக்கலாம். மறுநாள் அவரை வேறொருவர் எழுப்பட்டும்.