இலையா, கறியா?

அமெரிக்காவில் நாலரை வயதுப் பையன் ஒருவனுக்கு நாற்பது டைனோசர்களைத் தெரிந்திருந்தது. மிச்சலீன் சீ, ராண்டி கோஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவனைப் பேசவிட்டுக் கேட்டு, அந்த நாற்பதும் அவன் தலைக்குள் எப்படி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன என்று ஒரு வலைப்படம் போட்டு, 1983இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை இருபது, அரைகுறையாகத் தெரிந்தவை இருபது. எது எந்தப் பக்கம் என்று பிரிக்கும்போது அவன் அம்மாவின் அபிப்பிராயத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், நெருக்கமாகக் கோத்துக் கிடந்தவைதான் அதிகம் தங்கியிருந்தன. மற்றவை பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன.

பையனைவிட எனக்கு அந்த அம்மாவைப் பற்றித்தான் யோசனை. பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று தரம்பிரித்துச் சொல்லியிருக்கிறாள் என்றால், அவளுக்கு நாற்பதும் தெரிந்திருக்க வேண்டுமே! அவள் எத்தனையை மறந்தாள் என்று யாராவது போய்க் கேட்டார்களா?

என் அக்காவை வைத்துச் சொல்கிறேன். அவள் படித்தது வணிகவியல். மிருகக்காட்சிசாலைக்குப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிற ரகம். மகன் கார்த்திக்குக்கு டைனோசர் பைத்தியம் பிடித்த காலத்தில், சோறு ஊட்டுவதற்காகப் படித்துக்காட்டிப் படித்துக்காட்டியே எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. அவன் ஏழு வயதில் கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டான். இவளோ இன்றைக்கும் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஸ்டெகோசாரஸுக்கு வாலில் முள் இருந்ததைப் பற்றிப் பேசுவாள். கூப்பிட்டால் எரிச்சலோடுதான் பேசுவாள். ஆனால் பேசுவாள்.

அந்தக் காலத்தில் கார்த்திக்குக்கு உலகத்திலுள்ள எந்த உயிரைப் பற்றியும் ஒரே கேள்விதான்: இலையா, கறியா? வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக்கூட அப்படித்தான் பிரித்து வைத்திருந்தான். ஒருமுறை மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மற்றப் பிள்ளைகள் தூண்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்க, இவன் ஒரு யாளியின் முன்னால் நின்றுவிட்டான்.

“மாமா, இது இலையா, கறியா?”

“நீயே பாருடா.”

பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். “பல்லைப் பார்த்தா கறி. நகமும் கறி. அப்புறம் தும்பிக்கை எதுக்கு?”

பக்கத்தில் தூணில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ரெண்டும் சாப்பிடும்னு வச்சுக்கோயேன்” என்றார். கார்த்திக்குக்கு அது பிடிக்கவில்லை. பசிக்கு ரெண்டும் சாப்பிடலாம், ஆனால் பல் ரெண்டு விதமாக இருக்க வேண்டும் என்றான். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன். கடைசியில், “இது நெஜம்மா இருந்துச்சா?” என்று கேட்டான். இல்லை, சிற்பியின் கற்பனை என்றேன். உடனே கையை உதறிக்கொண்டு நகர்ந்துவிட்டான். இல்லாத ஒன்றுக்காக இவ்வளவு நேரம் மூளையைச் செலவழிக்க வைத்துவிட்டார்களே என்ற கோபம் அவனுக்கு. பேயும் பூச்சாண்டியும் பொய் என்று சொல்லும் அதே பெரியவர்கள், டைனோசர் என்ற பூதம் மட்டும் உண்மையிலேயே இருந்தது என்று சத்தியம் செய்கிறார்கள். பிள்ளைகள் அதை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். (யாளியே டைனோசர்தான், நம் முன்னோர் பார்த்துச் செதுக்கினார்கள் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.)

இருந்தது என்று சத்தியம் செய்வதிலும் சிக்கல் உண்டு. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்றொரு கிராமம். அந்த வட்டாரம் கிரெட்டேசியஸ் காலத்தில் கடலோரம். வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே அங்கே டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. 1987இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த ஒரு பெரிய விலங்கைப் பற்றி எழுதினார்கள். இடுப்பு எலும்பு, தொடை எலும்பில் ஒரு துண்டு, கூடவே ஒரு முழங்கால் கீழெலும்பு. அந்த ஒற்றை எலும்பே இரண்டு மீட்டர் நீளம். புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் அதைக் கறிதின்னிகளின் வரிசையில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே மட்டும் இரண்டு மீட்டர் உள்ள காலை வைத்துக்கொண்டு கறிதின்னி ஒன்று நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் காலத்துக் கார்த்திக் வயதில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், தூங்கமாட்டான். பிறகு வந்தவர்கள் இல்லை, இது நீண்ட கழுத்துள்ள இலைதின்னிதான் என்று மாற்றினார்கள். அப்படியானால் பூமியில் நடந்தவற்றிலேயே மிகப் பெரியது இதுவாக இருக்கலாம். நூறு டன்னுக்கு மேல் போடுகிறது 2023இல் வந்த ஒரு கணக்கு. மூன்றாவதாக ஒரு தரப்பு, இது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டது. இலையா கறியா என்று கேட்கப் போன இடத்தில், அதுவே மரமா என்ற கேள்வி!

எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். எலும்புதான் இல்லை. மண்ணிலிருந்து எடுக்கும்போதே நொறுங்குகிற நிலைமை. ஈரமும் மழையும் சேர்ந்து அதைக் கரைத்தே விட்டன. மிஞ்சியவை சில கோட்டுப்படங்களும் புகைப்படங்களும்தான். 2022இல் அய்யாசாமி இன்னொருவரோடு சேர்ந்து பழைய புகைப்படங்களை வெளியிட்டு, மரமல்ல, எலும்புதான் என்று வாதிட்டார். முப்பத்தைந்து வருஷம் கழித்து! ஏழு வயதில் கிரிக்கெட்டுக்குத் தாவாதவர்களும் இருக்கிறார்கள்.

தாவியவர்களும் முழுசாகத் தாவினார்களா என்பது எனக்குச் சந்தேகம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. கூட்டம் கூடியது. அந்தப் படங்களில் நான் பார்த்தவர்கள் வேட்டி கட்டியவர்கள், பைக்கில் வந்தவர்கள். பள்ளிக்கூடம் போகிற வயசு யாருக்கும் இல்லை. நிபுணர்கள் வந்து, முட்டை இல்லை, அம்மோனைட் என்ற கடலுயிரைச் சுற்றி இறுகிய படிவம் என்றதும் உற்சாகம் வடிந்துவிட்டது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய கடல் காலடியில் கிடக்கிறது, அது யாருக்கும் போதவில்லை.

கார்த்திக் இப்போது கோயம்புத்தூரில் ஜிஎஸ்டி ஆலோசகன். ஸ்டெகோசாரஸ் என்றால், “ஆமா, என்னமோ இருந்துச்சு மாமா” என்கிறான். ஆனால் பரோட்டாவைப் பற்றிக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். 2020இல் கர்நாடகத்தில், பாக்கெட் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, ரொட்டிக்கு 5 சதவீதம், இதற்கு 18 என்று ஒரு தீர்ப்பு வந்தது. மாவு, அடுக்கு, மறுபடி சூடாக்க வேண்டுமா வேண்டாமா என்று வரிசையாக அவன் அடுக்க அடுக்க, அக்கா சமையலறையிலிருந்து, “இவன் இன்னும் அதேதாண்டா பண்றான்” என்று குரல் கொடுத்தாள். 2025 செப்டம்பரில் ரெண்டுக்குமே வரி இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி போன் பண்ணி, “நல்ல கேஸு மாமா, ஒரேயடியாப் போச்சு” என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டான்.